தேநீர்க் கெண்டியை வெட்டுவது எப்படி: வளைபரப்புகளைத் திரையில் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வளைவு தெரியாது. அதற்குத் தெரிந்தது முக்கோணம், கோடு, புள்ளி, அவ்வளவுதான். கேமில் நீங்கள் பார்க்கும் காரின் பானட், ஒரு முகத்தின் கன்ன மேடு, பளபளக்கும் பாத்திரம் எல்லாமே சின்னச் சின்னத் தட்டை முக்கோணங்களாக வெட்டப்பட்டு, வெட்டு கண்ணில் படாதபடி வெளிச்சம் பூசப்பட்டவை. ஆக இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எங்கே எத்தனை துண்டாக வெட்டுவது என்பது ஒன்று, வெட்டிய துண்டின் மேல் வெளிச்சத்தை எப்படிப் போடுவது என்பது இன்னொன்று. முதல் வேலைக்கு முக்கோணங்கள் போதும், இரண்டாவதற்கு மூல வளைபரப்பையே திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், மீதிப் பாதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

எடுத்துக்கொள்ளப் போகும் பொருள், இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது வரைந்து பார்த்த யூட்டா தேநீர்க் கெண்டி. 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மார்ட்டின் நியூவெல், வரைந்து பார்க்க ஏதாவது ஒரு வளைவான பொருள் வேண்டும் என்று தேடியபோது, அவருடைய மனைவி சாண்ட்ரா வீட்டில் இருந்த மெலிட்டா கெண்டியையே வரையச் சொன்னார். கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து, அதிலிருந்து புள்ளிகளை எடுத்துக் கணினியில் ஏற்றினார். அந்த நிஜக் கெண்டி இன்று கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இதே கெண்டியை வைத்துப் பாடம் நடத்துவதற்குக் காரணம் உண்டு. உருண்டை வயிறு, குழிந்து வளையும் கழுத்து, நடுவில் ஓட்டை விழும் கைப்பிடி, உடம்பைத் துளைத்துக்கொண்டு வரும் மூக்கு, உச்சியில் ஒரே புள்ளியில் கூடும் மூடிக் குமிழ் என்று வளைபரப்பில் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பாத்திரத்திலேயே இருக்கின்றன. இதை ஒழுங்காக வரைந்துவிட்டால் வேறு எதையும் வரையலாம்.

உங்களுக்குத் தேவையானவை: முக்கோணம் வரையத் தெரிந்த ஏதாவது ஒரு நிரல்மொழியும் நூலகமும், வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் இரண்டும், கூடவே கெண்டியின் தரவு. தரவு இணையத்தில் எளிதில் கிடைக்கும். 306 புள்ளிகள், 32 பேட்சுகள் (பேட்ச் என்பது பரப்பின் ஒரு வளைந்த துண்டு, படி 2இல் விவரமாக வரும்). நியூவெல் செய்தது 28 பேட்சுகள்தான், அதில் கெண்டிக்கு அடிப்பாகமே கிடையாது. பிற்பாடு 1987இல் ஃபிராங்க் குரோ அடிக்கு நான்கு பேட்சுகளைச் சேர்த்தார்.

படி 1: ஒரே ஒரு வளைகோட்டைக் கையால் போட்டுப் பாருங்கள்

நேரே பரப்புக்குத் தாவாதீர்கள். முதலில் ஒரு கோடு. கெண்டியின் வாய் விளிம்பைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் ஒரு சின்ன மேடு தெரியும், அந்த மேட்டுக்கு நியூவெல் கொடுத்தது நான்கே புள்ளிகள். ஒவ்வொன்றிலும் முதல் எண் நடு அச்சிலிருந்து தூரம், இரண்டாவது உயரம்:

அ = (1.4, 2.4)
ஆ = (1.3375, 2.53125)
இ = (1.4375, 2.53125)
ஈ = (1.5, 2.4)

கோடு அ-வில் தொடங்கி ஈ-யில் முடியும். ஆ, இ இரண்டையும் அது தொடாது, அவை கோட்டைத் தங்கள் பக்கம் இழுக்க மட்டும் செய்யும். இந்த நான்குக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்று பெயர். இதைத்தான் பெசியர் வளைகோடு என்கிறோம். பியர் பெசியர் ரெனோ கார் நிறுவனத்தில் இருந்தவர். அவருக்கு முன்பே 1959இல் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்தெல்ஜோ இதே கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் நிறுவனம் அதை வெளியே விடாமல் வைத்திருந்ததால் கோட்டுக்குப் பெசியர் பெயர் நிலைத்தது. கோட்டில் ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கும் வழிக்கு மட்டும் டி காஸ்தெல்ஜோ பெயர். வழி மிக எளிது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் புள்ளி வைத்துக்கொண்டே போவது, அவ்வளவுதான்.

கோட்டின் சரிபாதியில் எந்தப் புள்ளி என்று பார்ப்போம். முதல் சுற்றில் அ-ஆ, ஆ-இ, இ-ஈ இவற்றின் நடுப்புள்ளிகள்: (1.36875, 2.465625), (1.3875, 2.53125), (1.46875, 2.465625). மூன்று கிடைத்தன. அவற்றின் நடுப்புள்ளிகள்: (1.378125, 2.4984375), (1.428125, 2.4984375). இரண்டு. அந்த இரண்டின் நடு: (1.403125, 2.4984375). இதுதான் விடை. பாதிக்குப் பதில் கால்பங்கில் வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நடுவுக்குப் பதில் கால்பங்கு தூரத்தில் புள்ளி வையுங்கள்.

இதைத் தாளில் ஒருமுறையாவது போடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இரண்டாம் சுற்றில் கிடைத்த அந்த இரண்டு புள்ளிகளைக் கவனியுங்கள், இரண்டின் உயரமும் ஒன்றே. அவற்றைச் சேர்க்கும் கோடு படுக்கையாக இருக்கிறது. அந்தக் கோடுதான் வளைவு அந்த இடத்தில் போகும் திசை, அதாவது தொடுகோடு. புள்ளியைத் தேடிப் போன வழியிலேயே தொடுகோடும் கிடைத்துவிடுகிறது. அதன் நீளமும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் பெருக்குங்கள்: 3 × 0.05 = 0.15. இந்த எண் பின்னால் வரும், குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கோட்டிலிருந்து பேட்சுக்கு

நான்கு புள்ளி ஒரு கோடு என்றால், நான்குக்கு நான்காக 16 புள்ளிகள் ஒரு பேட்ச். ஓலைப் பாயைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், குறுக்கே நான்கு கோடுகள், நெடுக்கே நான்கு. குறுக்குத் திசைக்கு யு, நெடுக்குத் திசைக்கு வி என்று பெயர், இரண்டும் 0 முதல் 1 வரை ஓடும். ஒரு யு, வி கொடுத்தால் புள்ளி கண்டுபிடிக்க, முதலில் நான்கு வரிசைகளிலும் யு-வுக்குப் படி 1இல் செய்ததையே செய்யுங்கள், நான்கு புள்ளிகள் கிடைக்கும். அந்த நான்கையும் ஒரு புதிய வளைகோட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு வி-க்கு மறுபடியும் அதையே செய்யுங்கள். வரும் புள்ளி பரப்பின் மேல் இருக்கும். புதிதாகக் கற்க இங்கே எதுவும் இல்லை, ஒரே செயலை ஐந்து முறை கூப்பிடுகிறோம்.

வேகம் வேண்டும் என்றால் டி காஸ்தெல்ஜோவுக்குப் பதில் எடைகளைப் பயன்படுத்துங்கள். சரிபாதியில் நான்கு புள்ளிகளுக்கும் எடை 1/8, 3/8, 3/8, 1/8. பொதுவாக டி என்ற இடத்தில் (கோட்டின் தொடக்கத்தில் டி 0, முடிவில் 1) நான்கு எடைகளும் வரிசையாக இவை: (1−டி)-யின் மூன்றாம் அடுக்கு. 3 × டி × (1−டி)-யின் வர்க்கம். 3 × டி-யின் வர்க்கம் × (1−டி). டி-யின் மூன்றாம் அடுக்கு. ஒரு பேட்சைப் பத்துப் பத்தாக வெட்டினால் டி-க்கு 11 மதிப்புகள்தான் வரும், ஆகவே இந்த எடைகளை ஒருமுறை கணக்கிட்டு ஒரு அட்டவணையில் வைத்துக்கொண்டால் 32 பேட்சுக்கும் அதுவே போதும்.

வட்டத்தைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெண்டியைச் சுற்றிலும் வட்டமாக்க நியூவெல் கால்வட்டத்துக்கு ஒரு பேட்சாக நான்கு வைத்தார். விளிம்பின் முதல் வரிசைப் புள்ளிகள், மேலிருந்து பார்த்த எக்ஸ், ஒய் எண்களாக: (1.4, 0), (1.4, −0.784), (0.784, −1.4), (0, −1.4). 0.784 என்பது 1.4இல் 0.56 பங்கு. பெசியர் கோட்டால் வட்டத்தைத் துல்லியமாக வரையவே முடியாது, மிக நெருங்கி வரலாம், அதற்கான பங்கு 0.5523. நியூவெல் வைத்த 0.56-ஐக் கொண்டு 45 டிகிரியில் ஆரத்தைக் கணக்கிட்டால் 1-க்குப் பதில் 1.004 வருகிறது. அதாவது உலகப் புகழ் பெற்ற இந்தக் கெண்டி நான்கு மூலைகளிலும் ஆயிரத்தில் நான்கு பங்கு உப்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் நிரல் சரியா என்று வட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எங்கோ பிழை என்று பயந்துவிடாதீர்கள். வட்டம் துல்லியமாகவே வேண்டும் என்கிற பொறியியல் வேலைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி எடை வைக்கும் நர்ப்ஸ் பரப்புகளைப் பயன்படுத்துகிறார்கள்.

படி 3: வெட்டு

ஒரு பேட்சை யு பக்கம் 16, வி பக்கம் 16 என்று பிரியுங்கள். 17 × 17 = 289 புள்ளிகள், 256 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு முக்கோணம், ஆக 512. கெண்டி முழுவதற்கும் 32 × 512 = 16,384 முக்கோணங்கள். இன்றைய கார்டுக்கு இது ஒன்றுமே இல்லை.

முக்கோணத்தின் மூன்று முனைகளை எந்தச் சுற்றில் எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று என்பதுதான் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நூலகத்தில் முன்பக்கம் என்பதற்கான இயல்பான ஏற்பாடு. மாறிவிட்டால் பின்பக்கம் நீக்கும் வசதியை இயக்கியவுடன் கெண்டியின் வெளிப்புறம் மறைந்து உட்புறம் தெரியும். பழைய குளட் நூலகத்தில் வரும் தயார்க் கெண்டியில் சுற்று தலைகீழாகத்தான் இருந்தது, அதை வைத்துக் கற்றுக்கொண்டு குழம்பியவர்கள் ஏராளம்.

படி 4: நார்மல்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். பரப்பின் ஒரு புள்ளியில் செங்குத்தாக வெளியே குத்தி நிற்கும் திசைதான் நார்மல், வெளிச்சக் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

பலரும் செய்வது இது: முக்கோணங்கள் தயாராகிவிட்டனவே என்று முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைக் குறுக்குப் பெருக்கி ஒரு நார்மல் எடுத்து, ஒரு முனையைச் சுற்றியுள்ள முக்கோணங்களின் நார்மல்களைச் சராசரி எடுப்பார்கள். எங்கிருந்தோ வந்த மெஷ் (முக்கோண வலை) என்றால், அதன் மூலப் பரப்பு உங்களிடம் இல்லை என்றால், வேறு வழியில்லை. ஆனால் இங்கே மூலப் பரப்பு கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அதன் நகலிடம் போய்க் கேட்பதில் அர்த்தமே இல்லை. சராசரி எடுத்த நார்மல் வெட்டின் அடர்த்திக்குத் தகுந்தபடி மாறும், பேட்ச் ஓரங்களில் பக்கத்துப் பேட்சின் முக்கோணங்களைச் சேர்க்க மறந்தால் அங்கே ஒரு கோடு தெரியும். பளபளப்பைக் கூட்டினால் அந்தக் கோடு வெள்ளையாகப் பளிச்சிடும்.

சரியான வழி, யு திசைத் தொடுகோட்டையும் வி திசைத் தொடுகோட்டையும் எடுத்துக் குறுக்குப் பெருக்குவது. எண்களோடு பார்ப்போம். படி 1இல் கண்டுபிடித்த விளிம்பு உச்சியில் நெடுக்குத் தொடுகோடு (0.15, 0, 0). குறுக்குத் தொடுகோடு, வட்டத்தைச் சுற்றிப் போவது: முதல் இரண்டு புள்ளிகளின் வித்தியாசம் ஒய் திசையில் −0.56 × 1.403125 = −0.78575, மூன்றால் பெருக்கினால் (0, −2.35725, 0). குறுக்கை முதலிலும் நெடுக்கை இரண்டாவதாகவும் வைத்துப் பெருக்கினால் (0, 0, 0.3536). நேராக மேலே. விளிம்பின் உச்சியில் நார்மல் மேலே பார்க்க வேண்டும், பார்க்கிறது. வரிசையை மாற்றிப் பெருக்கினால் அதே எண் எதிர்க்குறியோடு வந்து நார்மல் கெண்டிக்குள் குத்தும். இந்த ஒரு புள்ளியை உங்கள் நிரலின் சோதனையாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யு, வி எது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் ஓட்டிப் பார்க்கலாம். நீளத்தை 1 ஆக்குவது கடைசியில்.

இனி மூடியின் குமிழுக்கு வருவோம். நான் இதை முதன்முதலில் எழுதியபோது கெண்டி அழகாக வந்தது, மூடியின் உச்சியில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு நாள் வெளிச்சக் கணக்கிலேயே தேடிக்கொண்டிருந்தேன், பிழை அங்கே இல்லவே இல்லை. குமிழின் பேட்சில் முதல் வரிசையின் நான்கு புள்ளிகளும் ஒரே இடம், (0, 0, 3.15). பாயின் ஒரு ஓரத்தை மொத்தமாகச் சுருட்டி ஒரு முடிச்சாக்கியதைப் போல. அந்த ஓரத்தில் குறுக்கே எவ்வளவு நகர்ந்தாலும் புள்ளி நகராது, ஆகவே குறுக்குத் தொடுகோடு பூஜ்யம், குறுக்குப் பெருக்கலும் பூஜ்யம், அதை நீளம் 1 ஆக்கப் போனால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கிறோம். வருவது எண்ணே இல்லை, அதற்கு நிறமும் இல்லை, பல கார்டுகளில் அது கறுப்பாக விழும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. எளிதானது, அந்த ஓரத்தில் மட்டும் நார்மலைச் சற்று உள்ளே தள்ளி, வி = 0-க்குப் பதில் 0.0001 என்ற இடத்தில் எடுப்பது. வேலை செய்யும், ஆனால் ஓரத்துக்கு மிக நெருங்கினால் மிதவை எண்களின் (கணினி தசம எண்களை வைக்கும் வடிவம்) துல்லியம் தேய்ந்துபோகும். இரண்டாவது, பேட்சின் இரு மூலைகளிலிருந்தும் நெடுக்குத் தொடுகோடுகளை எடுப்பது. மூலைகள் இரண்டும் ஒரே புள்ளிதான், ஆனால் அங்கிருந்து கிளம்பும் திசைகள் வேறு. ஒன்று (0.8, 0, 0) பக்கம், இன்னொன்று (0, −0.8, 0) பக்கம். இரண்டையும் குறுக்குப் பெருக்கினால் செங்குத்துத் திசை சுத்தமாகக் கிடைக்கும், குறி மட்டும் வெளியே பார்க்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, சுருங்கிய வரிசைக்குப் பதில் அடுத்த வரிசையின் குறுக்கு வித்தியாசங்களை வைத்துத் தொடுகோடு எடுப்பது. வி பூஜ்யத்தை நெருங்கும்போது குறுக்குத் தொடுகோடு எந்தத் திசையில் சுருங்குகிறதோ அதே திசைதான் இது, கணக்குப்படி இதுவே பொதுவான தீர்வு. நான் பயன்படுத்துவது இதைத்தான். அடிப்பாகத்தின் நடுவிலும் இதே முடிச்சு இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள், கெண்டியைக் கவிழ்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

படி 5: எத்தனை துண்டு போதும்?

16 என்று மேலே சும்மா சொன்னேன். அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வட்டத்தை நேர்க்கோடுகளால் வரைந்தால், ஒவ்வொரு கோட்டின் நடுவும் வட்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே விழும். திரையில் வட்டத்தின் ஆரம் 400 பிக்சல் என்று வைப்போம். 16 கோடுகள் போட்டால் அந்த விலகல் 7.7 பிக்சல், மூலை மூலையாகத் தெரியும். 32 போட்டால் 1.9, உற்றுப் பார்த்தால் தெரியும். 64 போட்டால் 0.48, அரை பிக்சலுக்கும் கீழே. கோடுகளை இரட்டித்தால் பிழை நான்கில் ஒன்றாகிறது, இதுதான் நம் வேலையை எளிதாக்கும் விஷயம். அரை பிக்சல் பிழை போதும் என்றால் முழு வட்டத்துக்கு வேண்டிய கோடுகள், 3.14-ஐ ஆரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். 400-க்கு 63, 100-க்கு 32, 25-க்கு 16. கெண்டியில் வட்டம் நான்கு பேட்ச் என்பதால் நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வட்டம் இல்லாத வளைவுக்கு வாங் சூத்திரம் இருக்கிறது. நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் திரைப் பிக்சலுக்கு மாற்றுங்கள். அ − 2ஆ + இ, ஆ − 2இ + ஈ என்று இரண்டு வெக்டர்கள், அவற்றில் நீளமானதை எடுத்து 0.75ஆல் பெருக்கி, பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 400 பிக்சல் கால்வட்டத்துக்குப் போட்டுப் பார்த்தால் 16.6 வருகிறது, வட்டக் கணக்கின் 16-ஓடு ஒத்துப்போகிறது. இந்தச் சூத்திரத்தின் அழகு, கோடு நேராக இருந்தால் அந்த வெக்டர்கள் சுருங்கி, வெட்டு தானாகக் குறைந்துவிடும் என்பதுதான். கைப்பிடியின் வளைவுக்கு நிறைய, வளைவு குறைந்த பகுதிகளுக்குக் கொஞ்சம். பரப்புக்கு யு, வி இரண்டு திசையிலும் தனித்தனியாகப் போட்டு, பேட்ச் முறுக்கிக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிக்கோட்டை எப்போதும் தனியாகப் பாருங்கள். நடுப்பகுதியில் வெட்டு குறைவாக இருந்தாலும் நல்ல நார்மல் இருந்தால் கண்ணை ஏமாற்றிவிடலாம், ஆனால் பின்னணியோடு சேரும் ஓரத்தில் எந்த வெளிச்ச வித்தையும் எடுபடாது, அங்கே முக்கோணம் முக்கோணமாகவே தெரியும்.

எட்வின் கேட்மல் 1974இல் இதே யூட்டாவில் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். ஒரு துண்டு ஒரு பிக்சல் அளவுக்கு வரும்வரை பேட்சை இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போவது. எது முன்னால், எது பின்னால் என்று பிக்சலுக்குப் பிக்சல் ஆழத்தைக் குறித்து வைக்கும் இசட் பஃபரும் அந்த ஆய்வில்தான் இருக்கிறது. கெண்டியின் மூக்கு உடம்புக்குள் நுழையும் இடத்தை நாம் வெட்டி ஒட்டாமல் அப்படியே வரைந்துவிட முடிவது அதனால்தான். 1987இல் வந்த ரேயெஸ் முறை பரப்பை அரை பிக்சல் அகலமுள்ள நுண்கட்டங்களாக நறுக்கியது, திரைப்படத் தரத்துக்கு அது வெகுகாலம் நின்றது.

படி 6: விரிசல்

ஒவ்வொரு பேட்சுக்கும் அதன் தேவைக்கேற்ப வெட்டு என்று முடிவு செய்தவுடன் அடுத்த தொல்லை வரும். இடது பேட்ச் ஓரத்தை 4 ஆகவும் வலது பேட்ச் அதே ஓரத்தை 8 ஆகவும் வெட்டினால், வலதின் நடுப்புள்ளிகள் வளைவின் மேல் இருக்கும், இடதின் நேர்க்கோடு அவற்றுக்குக் கீழே ஓடும். நடுவில் ஊசி நுழையும் இடைவெளி, அதன் வழியே பின்னணி தெரியும். நிலையான படத்தில் ஒன்றிரண்டு பிக்சல்தான், கேமரா நகரும்போது அவை மின்னி மின்னி மறைவது மிகவும் கண்ணை உறுத்தும்.

இதற்கான விதி எளிது, கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்: ஓரத்தின் வெட்டு எண்ணிக்கையை அந்த ஓரத்தின் நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள். பேட்சின் நடுப்புள்ளியோ சராசரி அளவோ அந்தக் கணக்கில் நுழையவே கூடாது. இரண்டு பேட்சும் அதே நான்கு புள்ளிகளைப் பார்ப்பதால் அதே எண்தான் வரும். ஓரத்துக்கு ஓர் எண், உள்ளுக்கு வேறோர் எண் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசை முக்கோணங்களைத் தையல் போலப் போட்டு இணைக்க வேண்டும்.

அப்படியும் எப்போதாவது ஒரு பிக்சல் மின்னினால், கூட்டும் வரிசையைப் பாருங்கள். ஒரு பேட்ச் அந்த ஓரத்தை அ-விலிருந்து ஈ-க்கும், மற்றது ஈ-யிலிருந்து அ-வுக்கும் கணக்கிட்டால், மிதவை எண்களில் கூட்டல் வரிசை மாறுவதாலேயே கடைசி இலக்கம் வேறுபடலாம். அந்தக் கடைசி இலக்கமே விரிசலுக்குப் போதும். ஓரப் புள்ளிகளை ஒருமுறை கணக்கிட்டு இரண்டு பேட்சும் பகிர்ந்துகொள்வது நிம்மதியான வழி.

படி 7: வெளிச்சம்

ஆன்றி கூரோ 1971இல் சொன்னது, முக்கோணத்தின் மூன்று முனைகளில் நிறத்தைக் கணக்கிட்டு நடுவில் கலந்துவிடுவது. பூய் துவாங் ஃபோங் 1973இல் சொன்னது, நிறத்தைக் கலக்காமல் நார்மலைக் கலந்து ஒவ்வொரு பிக்சலிலும் வெளிச்சக் கணக்கைப் புதிதாகப் போடுவது. இருவரும் யூட்டாவில் ஆராய்ச்சி செய்தவர்கள். பளபளப்பு ஒரு முக்கோணத்தின் நடுவில் விழுந்து மூன்று முனைகளையும் தொடாமல் போனால் கூரோ முறையில் அது காணாமலே போய்விடும், கெண்டியைச் சுழற்றும்போது விட்டுவிட்டு எரியும். இன்றைய கார்டில் ஃபோங் வழியைத் தவிர்க்கக் காரணமே இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், கலந்து வரும் நார்மலின் நீளம் 1-ஐவிடக் குறைந்துவிடும், பிக்சல் ஷேடரில் (ஒவ்வொரு பிக்சலுக்கும் கார்டில் ஓடும் குட்டி நிரல்) மறுபடி 1 ஆக்குங்கள்.

இன்னொரு பிழை பெரிய நிரல்களில்கூடப் பார்த்திருக்கிறேன். நிஜக் கெண்டி நாம் வரையும் கெண்டியைவிட உயரமானது. பரவலாகக் கிடைக்கும் தரவு செங்குத்தாக அமுக்கப்பட்டது, பழைய உயரம் வேண்டும் என்றால் 1.3ஆல் நீட்ட வேண்டும். நீட்டும்போது நார்மலை என்ன செய்வது? சாய்வான ஒரு இடத்தை எடுங்கள், தொடுகோடு (1, 0, −1), நார்மல் (1, 0, 1). புள்ளிப் பெருக்கல் பூஜ்யம், சரி. நீட்டிய பின் தொடுகோடு (1, 0, −1.3). நார்மலையும் அதே போல நீட்டினால் (1, 0, 1.3), புள்ளிப் பெருக்கல் 1 − 1.69 = −0.69. செங்குத்தே இல்லை. 1.3ஆல் வகுத்தால் (1, 0, 0.769), பெருக்கல் 1 − 1 = 0. ஆகப் புள்ளிகளை எந்த அணியால் (மேட்ரிக்ஸ்) மாற்றுகிறீர்களோ, அந்த அணியின் நேர்மாறை எடுத்து, அதன் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றி, அதனால் நார்மல்களைப் பெருக்க வேண்டும். சுழற்சியும் நகர்த்தலும் மட்டும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் இந்தப் பிழை பல நாள் ஒளிந்திருக்கிறது.

படி 8: கார்டிடமே வெட்டைக் கொடுப்பது

டைரக்ட்எக்ஸ் 11, ஓப்பன்ஜிஎல் 4.0 (2010) காலத்திலிருந்து வெட்டும் வேலையைக் கார்டிலேயே செய்யும் டெசலேஷன் ஷேடர்கள் இருக்கின்றன. முக்கோணங்களை அனுப்பாமல் பேட்சுக்கு 16 புள்ளிகளை மட்டும் அனுப்புங்கள். கட்டுப்பாட்டு ஷேடரில் நான்கு ஓரங்களுக்கும் உட்பகுதிக்கும் வெட்டு எண்களை எழுதுங்கள், அதாவது படி 5, படி 6. கார்டு தானாக யு, வி வலையை உருவாக்கி ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பீட்டு ஷேடரைக் கூப்பிடும், அங்கே படி 2, படி 4. ஓரத்துக்கும் உள்ளுக்கும் இடையிலான தையலைக் கார்டே போட்டுவிடும், ஆனால் ஓர எண்கள் பக்கத்துப் பேட்சோடு ஒத்துப்போவது உங்கள் பொறுப்பு. ஓரத்துக்கு 64 வெட்டு வரை கட்டாயம் கிடைக்கும். வெட்டு 7இலிருந்து 8-க்குத் தாவும்போது பரப்பு துள்ளுவதாகத் தெரிந்தால் பின்ன இடைவெளி முறையைத் தேர்ந்தெடுங்கள், புதிய புள்ளிகள் மெல்ல விலகி வரும்.

வெப்ஜிஎல்லில் இந்த ஷேடர்கள் கிடையாது. உலாவியில் வரைவதென்றால் படி 3-ஐ நீங்களே செய்து, தூரத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு மெஷ்களைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கெண்டிக்கு 4, 8, 16, 32 வெட்டுகள் போதும்.

வரைந்து முடித்ததும் சோதனை

வெளிச்சத்தை நிறுத்திவிட்டு நார்மலையே நிறமாகக் காட்டுங்கள்: எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் 0 முதல் 1-க்கு மாற்றிச் சிவப்பு, பச்சை, நீலமாக. மூக்கு, கைப்பிடி, மூடி ஆகியவை உடம்போடு சேரும் இடங்களைத் தவிர, கெண்டி முழுவதும் நிறம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வேறு எங்காவது திடீரென நிறம் தாவினால் அங்கே பேட்ச் ஓரத்தில் பிழை அல்லது சுற்று தலைகீழ். உச்சியில் புள்ளி தெரிந்தால் படி 4-க்குத் திரும்புங்கள். விளிம்பும் உடம்பும் சேரும் இடத்தில் இரண்டு பக்கத்து நார்மல்களையும் எண்ணாகவே அச்சிட்டுப் பாருங்கள்.

அப்புறம் பளபளப்பை அதிகமாக்கி, அல்லது கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் கெண்டியில் பிரதிபலிக்க விட்டுச் சுழற்றுங்கள். கார் வடிவமைப்பாளர்கள் பரப்பைச் சோதிப்பது இந்தப் பட்டைகளால்தான். பட்டை எங்கே உடைந்தால் அங்கே நார்மல் தொடர்ச்சி இல்லை. பட்டை உடையாமல் மடங்கினால் நார்மல் சரி, வளைவின் அளவு மட்டும் அங்கே திடீரென மாறுகிறது. கெண்டியின் சில பேட்ச் எல்லைகளில் இப்படி மடங்குவதைப் பார்ப்பீர்கள். அது உங்கள் நிரலின் பிழை இல்லை, 1975இல் பென்சிலால் வரைந்த கோடு அங்கே அப்படித்தான் இருக்கிறது.